சர்வதேசப் பள்ளிக்கூடமும் சாப்பாட்டுப் பந்தியும்

இப்பொழுது நமது பட்டணங்களிலும், பட்டணங்களை அடுத்த சிற்றூர்களிலுங்கூட "சர்வதேசப் பள்ளிக்கூடம்" என்று பலகை போட்டுக்கொண்ட பள்ளிக்கூடங்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. நேற்றுவரை கடலையும் சோளமும் விளைந்துகொண்டிருந்த காட்டில் இன்று நாலு மாடிக் கட்டடமும், வாசலில் உலக உருண்டைப் பொம்மையும், மஞ்சள் வண்டிகளும் காணப்படுகின்றன. காடு கழனியை விற்றும், பெண்டு பிள்ளைகளின் நகையை அடகு வைத்தும் அங்கே குழந்தையைச் சேர்த்துவிட வேண்டுமென்று தவிக்கின்ற தகப்பன்மார்களை நாம் தினமும் பார்க்கின்றோம். பிள்ளை நன்றாகப் படித்து முன்னுக்கு வரவேண்டுமென்று ஆசைப்படுவதை நாம் குறை கூற வரவில்லை. ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் படிப்பு மறுக்கப்பட்ட மக்களுக்கு அந்த ஆசை வெறியாகவே இருந்தாலும் அது நியாயமே. ஆனால், அந்தப் பலகையில் எழுதியிருக்கின்ற "சர்வதேசம்" என்ற வார்த்தை எங்கே, எதற்காகப் பிறந்தது, அதைச் சூட்டிக்கொள்வதற்கு ஒரு பள்ளிக்கூடத்திற்கு என்ன யோக்கியதை வேண்டும் என்பதைப் பணம் கட்டுகின்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? கத்தரிக்காய் வாங்கினால் காம்பைக் கிள்ளிப் பார்க்கின்ற நாம், லட்சக்கணக்கில் பணம் கொட்டுகின்ற இடத்தில் பலகையை மாத்திரம் பார்த்துவிட்டு வரலாமா?

முதன்முதலாக இப்படிப்பட்ட பள்ளிக்கூடம் ஒன்றைக் காண முயன்றவர்களில் நமது இயக்கத் தோழர்கள் நன்கறிந்த ஒருவர் இருக்கின்றார். டார்வினுடைய கொள்கைக்காகப் பாதிரிகளோடு மல்லுக்கு நின்ற ஹக்ஸ்லிதான் அவர். 1867-ம் வருஷத்தில் லண்டனுக்கு அருகே ஸ்பிரிங் குரோவ் என்னுமிடத்தில் "சர்வதேசக் கல்லூரி" என்று ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ஆதரவாயிருந்தவர்களில் ஹக்ஸ்லியும், டிண்டால் என்ற விஞ்ஞானியும் உண்டு. செத்துப்போன பாஷைகளை உருப்போடுவதே படிப்பு என்றிருந்த காலத்தில், அங்கே பிரகிருதி சாஸ்திரத்திற்கும், உயிரோடு வழங்குகின்ற பாஷைகளுக்கும் இடம் கொடுத்தார்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் இதே மாதிரிப் பள்ளிகளை ஏற்படுத்தி, ஒரே பிள்ளை தேசத்திற்குத் தேசம் மாறிப் படிக்கலாம் என்பது ஏற்பாடு. ஆனால் மூன்றே வருஷத்தில், 1870-ல், பிரான்சும் ஜெர்மனியும் சண்டையில் இறங்கிவிட்டன. அந்த ஏற்பாடு கனவாய்ப் போயிற்று. அந்தக் கல்லூரியும் 1889-ல் மூடப்பட்டது.

நிற்க, இன்று உலகமெங்கும் சர்வதேசப் பள்ளி என்று சொல்லப்படுவதற்கெல்லாம் தாய்வீடு என்று கருதத்தக்கது, சுவிட்சர்லாந்து தேசத்தில் ஜினீவா பட்டணத்தில் 1924-ம் வருஷம் எட்டே பிள்ளைகளோடு ஆரம்பிக்கப்பட்ட பள்ளிக்கூடமாகும். அந்தக் காலத்தை வாசகர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் ஐரோப்பாவின் ஆண்மக்கள் ஒருவரை ஒருவர் கொன்று குவித்து முடித்து ஆறு வருஷந்தான் ஆகியிருந்தது. தகப்பனை இழந்த குழந்தைகள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். அந்தச் சமயத்தில் சர்வதேச சங்கத்திலும், சர்வதேசத் தொழிலாளர் காரியாலயத்திலும் வேலை பார்க்கப் பல தேசங்களிலிருந்து ஜினீவாவுக்கு வந்தவர்கள், தங்கள் குழந்தைகளை அவரவர் தேசத்துப் பள்ளியில் தனித்தனியாக அடைத்து வளர்த்தால், நாளைக்கு அவர்களும் துப்பாக்கி தூக்கத்தானே செய்வார்கள் என்று யோசித்தார்கள். அடால்ப் பெரியேர் என்கின்ற கல்வி நிபுணர் அவர்களுக்குத் துணை நின்றார். பிரெஞ்சு, இங்கிலீஷ் ஆகிய இரண்டு பாஷைகளையும் எல்லாப் பிள்ளைகளும் கற்கவேண்டும் என்று ஏற்படுத்தினார்கள். ஒருவன் பாஷைதான் மேல், மற்றவன் பாஷை கீழ் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

1929 முதல் 1949 வரை அப்பள்ளிக்குத் தலைமை வகித்தவர் மோரெத் என்ற ஒரு அம்மையார். இவர் பூகோளம் சொல்லிக்கொடுத்த விதம் நமக்கு மிகவும் பிடித்தமான சங்கதி. சாதாரணமாகப் பள்ளிக்கூடங்களில் என்ன செய்கின்றார்கள்? முதலில் நம் ஊர், பிறகு நம் ஜில்லா, பிறகு நம் தேசம், கடைசியில் மிச்சம் மீதி இருந்தால் உலகம் என்று சொல்லிக்கொடுக்கின்றார்கள். குழந்தை, தன் ஊரே உலகத்தின் நடு என்றும், மற்றவையெல்லாம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவை என்றும் எண்ணிவிடுகின்றது. இந்த அம்மையார் அதைத் தலைகீழாக்கி, முதலில் உலக உருண்டையைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டார். உருண்டைக்கு நடுவும் இல்லை, ஓரமும் இல்லை. அதைச் சுற்றிப் பார்த்துப் பழகிய பிறகே தேசங்கள் வந்தன. சமாதானத்திற்குப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி என்பதைப் பற்றித் தமது அனுபவத்தைக் கொண்டு 1948-ல் யுனெஸ்கோவுக்கு இவர் ஒரு சிறு புத்தகமே எழுதிக்கொடுத்தார். பிறகு, எந்தத் தேசத்துச் சர்வகலாசாலையும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு பொதுப் பரீட்சை வேண்டுமென்று இந்தப் பள்ளியில் தொடங்கிய முயற்சியே, 1968-ல் ஜினீவாவில் தனி ஸ்தாபனமாகி, இன்று நம் ஊர்ப் பலகைகளில் "ஐ.பி." என்று இரண்டெழுத்தாய்த் தொங்குகின்றது.

இதையெல்லாம் சொல்வதினால் ஜினீவாப் பள்ளியை நாம் தலையில் தூக்கி வைத்துக்கொள்கின்றோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு நடத்தப்பட்ட பள்ளிதான். அந்தச் சர்வதேச சங்கத்தில் முக்கிய ஸ்தானம் வகித்த தேசங்களே ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கோடிக்கணக்கான மக்களை அடிமையாக வைத்திருந்தன. நமது இந்தியாவும் பேருக்கு ஒரு அங்கத்தினர். எஜமானன் மாத்திரம் லண்டனில் இருந்தான். 1926-ல் ஜவஹர்லால் நேரு தம் மனைவியாரின் வைத்தியத்திற்காக ஜினீவாவில் தங்கியபோது தம் மகள் இந்திராவை அந்தப் பள்ளியில் சேர்த்தார். நேரு வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்த இடம், நம் ஊரில் சாணி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கிடைத்திருக்குமா? கிடைத்திராது. ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு காரியத்தைப் பிரத்தியட்சமாகச் செய்து காட்டியது. விரோதி என்று பெற்றோர்கள் எண்ணுகின்றவனுடைய பிள்ளையை, தன் பிள்ளையின் பக்கத்தில் உட்காரவைத்தது. இருவருக்கும் ஒரே பாடம் சொல்லிக்கொடுத்தது. பகைமையும் பேதமும் இரத்தத்தில் ஊறி வருபவையல்ல, சொல்லிக்கொடுத்தால்தான் வருபவை என்பதற்கு இதைவிட வேறு சாக்ஷி வேண்டியதில்லை.

அதே காலத்தில் நமது நாட்டில் என்ன நடந்தது? ஜினீவாவில் எட்டுப் பிள்ளைகளை ஒன்றாய் உட்காரவைத்த அந்த 1924-ல்தான், திருநெல்வேலி ஜில்லா சேரன்மாதேவியில் வ.வெ.சு. அய்யர் நடத்திவந்த குருகுலத்தில் இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்கு மாத்திரம் தனிப் பந்தி போட்டுச் சோறு போட்டார்கள். தேசியக் கல்வி கொடுக்கப் போகின்றோம் என்று சொல்லி எல்லா ஜாதியாரிடமும் பணம் தண்டி, காங்கிரஸ் கமிட்டியிடமும் பத்தாயிரம் ரூபாய் கேட்டு ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு நடத்திய பள்ளிக்கூடம் அது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், பெரியாரும் கேள்வி கேட்டபோது, "எனக்குப் பேதமில்லை, அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் விருப்பம் அப்படி, நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்பதே அய்யர் தரப்பில் சொல்லப்பட்ட சமாதானம். அய்யர் லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தவர். பல பாஷைகள் தெரிந்தவர். ஒன்றாய் உண்பதில் அவருக்குச் சொந்தத்தில் ஆக்ஷேபனை இல்லை என்பதையும் நாம் மறுக்கவில்லை. அப்படிப்பட்டவரும் பெற்றோர் விருப்பம் என்ற சாக்குக்கு முன்னால் தலை குனிந்துவிட்டார். 1925-ல், பிறப்பினால் ஒருவருக்கொருவர் உயர்வு தாழ்வு பாராட்டக்கூடாது என்று எஸ். இராமநாதன் காங்கிரஸ் கமிட்டியில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. நமது இயக்கம் வளர்ந்ததற்கு இந்தப் பந்தி ஒரு முக்கிய காரணம் என்பது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"பெற்றோர் விருப்பம்" என்ற இந்த வார்த்தையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். ஏனெனில், அதுவேதான் இன்று நம் ஊர்ச் சர்வதேசப் பள்ளிகளிலும் மந்திரம்போல் சொல்லப்படுகின்றது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பட்டணத்தில் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் "சர்வதேச தினம்" கொண்டாடுகின்றோம் என்று அழைத்ததன் பேரில் நாமும் போயிருந்தோம். மைதானம் முழுவதும் பல தேசத்துக் கொடிகள். ஒரு குழந்தை ஜப்பான் உடுப்பில், ஒரு குழந்தை அரபி உடுப்பில், ஒரு குழந்தை தலையில் இறகு சொருகிக்கொண்டு. ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு பலகாரக் கடை. குழந்தைகளின் உற்சாகத்தைக் காண நமக்கும் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் விழா எதில் ஆரம்பமாயிற்று? புரோகிதர் வந்து, புகை மூட்டி, நமக்கும் புரியாத, குழந்தைகளுக்கும் புரியாத, அவருக்கே புரியுமோ என்னவோ அதுவும் தெரியாத பாஷையில் மந்திரம் சொல்லி ஹோமம் செய்வதில் ஆரம்பமாயிற்று. பிறகு பலகாரக் கடைகளைச் சுற்றினோம். இத்தாலிக் கடை, மெக்சிகோக் கடை, சீனக் கடை எல்லாவற்றிலும் சைவப் பதார்த்தந்தான். கோழியும் மீனும் இல்லாத சீனத்தை அங்கேதான் நாம் கண்டோம்! விசாரித்ததில், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டிலும் சைவம் மாத்திரமே என்றும், வீட்டிலிருந்து முட்டை கொண்டுவந்தாலுங்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். ஏன் என்றோம். "பெற்றோர் விருப்பம்" என்றார் மானேஜர். எந்தப் பெற்றோர்? அந்தப் பள்ளியில் படிக்கின்ற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் மீனும் கறியும் சமைக்கின்றவர்கள். அவர்களிடம் மாசா மாசம் பணத்தை வாங்கிக்கொண்டு, அவர்கள் வீட்டுச் சோறு அசுத்தம் என்று அவர்கள் பிள்ளைக்கே ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கற்றுக்கொடுத்தாகின்றது. சேரன்மாதேவியில் இரண்டு பிள்ளைக்குத் தனிப் பந்தி போட்டார்கள். இங்கே அந்த இரண்டு பிள்ளையின் பந்தியையே எல்லோருக்கும் பொதுப் பந்தி ஆக்கிவிட்டார்கள். காலம் முன்னேறித்தான் இருக்கின்றது!

அன்றைய தினம் பிள்ளைகளை அழைத்துவந்த வண்டிக்காரர்களும், ஆயாக்களும் மதில் சுவருக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். உலகத்துத் தேசங்களெல்லாம் உள்ளே இருந்தன. பக்கத்துத் தெரு மாத்திரம் வெளியே நின்றது.

விஜயதசமி வந்தால் இந்தப் பள்ளிகளில் நடக்கின்ற கூத்து வேறு. நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைத்தால் சரஸ்வதி நாவில் வந்து உட்கார்ந்துகொள்வாள் என்று விளம்பரம் செய்து ஆள் சேர்க்கின்றார்கள். சரஸ்வதியைக் கும்பிடாத ஜினீவாப் பிள்ளைகள் உலகத்துக்கே பரீட்சை வகுத்துக் கொடுத்தார்கள். சரஸ்வதி பூஜை நடத்துகின்ற நாம் அந்தப் பரீட்சையைப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கின்றோம்.

நம் நாட்டிலேயே இந்தப் பெயரைத் தாங்கிய பழைய பள்ளி ஒன்று கோடைக்கானல் மலையில் உண்டு. 1901-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் தங்கள் பிள்ளைகளுக்காக அதை ஏற்படுத்தினார்கள். கீழே சமவெளியில் நமக்கெல்லாம் கடவுள் முன் அனைவரும் சமம் என்று உபதேசம். மேலே மலையில் சொந்தப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி! எழுபது வருஷத்திற்கு மேல் சென்று, 1970-களில்தான் அது "சர்வதேச" என்ற பெயரைப் பூண்டது. பாதிரியானாலும் புரோகிதரானாலும் பிள்ளை விஷயத்தில் எல்லோரும் ஒரே ஜாதியாகத்தான் இருக்கின்றார்கள் போலும்.

சர்வதேசப் பள்ளி என்றால் பணக்காரன் பள்ளியாகத்தான் இருக்கமுடியும் என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியல்ல. 1962-ல் பிரிட்டனில் வேல்ஸ் பிரதேசத்தில் கடலோரம் செயின்ட் டொனாட்ஸ் என்ற பழைய கோட்டையில் அட்லாண்டிக் கல்லூரி என்று ஒரு பள்ளி ஏற்பட்டது. ஹிட்லரை எதிர்த்ததினால் தம் சொந்தப் பள்ளியையும் தேசத்தையும் விட்டு வெளியேற நேர்ந்த குர்ட் ஹான் என்பவருடைய யோசனை அது. பணத்தைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்காமல், ஒவ்வொரு தேசத்திலும் கமிட்டி வைத்துத் திறமையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, இல்லாதவர்களுக்கு உதவிச் சம்பளம் கொடுத்து வரவழைத்தார்கள். அங்கே பொதுவாழ்வு என்பது உடுப்புப் போட்டு ஆடுவதல்ல. கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றும் படகு நிலையம் ஒன்றை 1963 முதல் 2013 வரை, ஐம்பது வருஷம், அந்தப் பள்ளி மாணவர்களே நடத்தினார்கள். அலை அடிக்கின்ற கடலில் துடுப்புப் போடுகின்றவனுக்கு, பக்கத்தில் இருப்பவன் எந்தத் தேசம், எந்த மதம், அவன் தகப்பனுக்கு எத்தனை காணி நிலம் என்ற கேள்வி எழுமா? அப்படி எழுந்தால் இருவரும் முழுகிப் போவார்கள். ஒன்றாய் உண்பதும், ஒன்றாய் வேலை செய்வதும், ஒருவன் உயிருக்கு மற்றவன் பொறுப்பாவதும்தான் பொதுவாழ்வு.

இங்கே நமது பார்ப்பனரல்லாத தோழர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட நமக்கு மனமில்லை. சேரன்மாதேவி இருக்கின்ற அதே திருநெல்வேலி ஜில்லாவில், நாங்குநேரியில், 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனை அவனோடு கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன அவனுடைய தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் பார்ப்பனப் பிள்ளைகள் அல்ல. அதன் பேரில் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024-ல் கொடுத்த அறிக்கையில், ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறும், மோதிரமும், நெற்றிக்குறியும் பள்ளியில் கூடாது என்று சொல்லவேண்டி வந்தது. அதே 2023-ல் கரூர் ஜில்லாவில், தாழ்த்தப்பட்ட வகுப்பு அம்மையார் ஒருவர் சமைத்தார் என்பதற்காகப் பள்ளிக்கூடத்துக் காலைச் சிற்றுண்டியைத் தம் பிள்ளை உண்ணக்கூடாது என்று தடுத்த பெற்றோர்களும் உண்டு. அதுவும் பெற்றோர் விருப்பந்தான்! இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்காகக் கொதித்தெழுந்த நாம், நம் பிள்ளைகளின் கையில் கட்டிய கயிற்றைக் கண்டும் சும்மா இருந்தோமானால் சேரன்மாதேவியைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது?

ஆனால் கரூரில் கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. அதிகாரிகள் நேரில் போய் அந்த அம்மையார் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நம் ஊர்ச் சர்க்கார் பள்ளிகளில், 1920-ல் நீதிக்கட்சியார் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மத்தியானச் சோறு, காமராசர் காலத்தில் மாகாணம் முழுவதும் பரவி, 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்து, இன்று லட்சக்கணக்கான குழந்தைகளை ஜாதி கேட்காமல் ஒரே வரிசையில் உட்காரவைக்கின்றது. சத்துணவில் முட்டையும் உண்டு. கூரை ஒழுகுகின்ற, ஒரு பிளாஸ்டிக் உலக உருண்டைகூட இல்லாத அந்தப் பள்ளிதான், நாம் மேலே சொன்ன மைதானத்தைக் காட்டிலும் ஜினீவாவுக்குக் கிட்டத்தில் இருக்கின்றது என்பது நமது அபிப்பிராயம். அங்கே இங்கிலீஷ் நன்றாக வராது என்பது மெய்யே. அதற்கு வாத்தியாரையும், பணத்தையும் கேட்டுச் சர்க்காரோடு சண்டை போட வேண்டியதும் நமது கடமையே.

மற்றபடி, சர்வதேசப் பள்ளியில்தான் பிள்ளையைச் சேர்ப்பேன் என்கின்றவர்களை நாம் தடுக்கவில்லை. ஆனால் பணம் கட்டப் போகும்போது அங்கே நீச்சல் குளம் இருக்கின்றதா, குளிர்ச்சி மெஷின் இருக்கின்றதா என்று கேட்பதோடு நிற்காமல், பெருக்குகின்ற அம்மையின் பிள்ளை இந்தப் பள்ளியில் படிக்கின்றதா என்றும் கேளுங்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலாக, தனியார் பள்ளிகளின் ஆரம்ப வகுப்பில் நாலில் ஒரு பங்கு இடம் நலிந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று இருக்கின்றது. அது செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டும் 2012-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. அந்தப் பிள்ளைகள் இங்கே எத்தனை பேர், அவர்கள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருக்கின்றார்களா, அல்லது தனி வகுப்பா என்று கேளுங்கள். முட்டை கொண்டுவரலாமா என்று கேளுங்கள். எல்லாத் தேசத்துக் கொடியையும் ஏற்றுகின்ற இடத்தில் ஒரே மதத்துப் புரோகிதர் எதற்கு என்று கேளுங்கள்.

மானேஜர் சிரித்துக்கொண்டே "பெற்றோர் விருப்பம்" என்பார். அந்தப் பெற்றோர் நீங்கள்தானே! "எங்கள் விருப்பம் அதுவல்ல" என்று பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் பத்துப் பேர் எழுந்து நின்று சொல்லி, அதை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பெண்மக்களும் கூட வரட்டும். பிள்ளைக்கு மத்தியானச் சோறு கட்டிக்கொடுப்பது அவர்கள்தான்.